கலர் மீனுக்கும் பொருத்தம் பார்க்கணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், அலங்கார மீன் வளர்க்கும் குழுவைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் பேசியது. பேசியபடியே, சிறிது சுருக்கி இங்கே தரப்படுகிறது.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. மாதக் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பேன், அவ்வளவுதான். "உங்க மீன் தொழிலைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. லாபக் கணக்கு எங்கள் பதிவேட்டில் இருக்கு, யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம். நான் வேற ஒண்ணைச் சொல்லலாம்னு நினைக்கிறேன். என்னை எங்கே பார்த்தாலும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "பிள்ளை ஆசைப்பட்டுச்சேன்னு தொட்டி வாங்கி வெச்சேன், கலர் கலரா மீன் விட்டேன், ஒரு வாரத்துல எல்லாம் செத்துப் போச்சு. எனக்கு ராசி இல்லையோ?"

ராசி எல்லாம் இல்லீங்க. பொருத்தம் பார்க்காமல் விட்டதுதான் காரணம். அதை நாங்கள் எப்படிக் கத்துக்கிட்டோம்னு முதலில் சொல்றேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. இருந்தாலும் நம்ம சங்கத்துக்குள்ள மறைக்க என்ன இருக்கு?

எங்கள் குழுவில் 12 பேர். செங்குன்றம் பக்கம் எங்கள் ஊர். சென்னையில் கொளத்தூர்னா கலர் மீன்தான்னு உங்களுக்கே தெரியும். அங்கே பல குடும்பங்கள் தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்கிறார்கள். அங்கே தொட்டி கழுவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ரெண்டு பேர் எங்கள் குழுவில் இருந்தாங்க. அவங்க தைரியத்தில்தான் வங்கிக் கடன் வாங்கி, கொல்லையில் 8 சிமென்ட் தொட்டி கட்டினோம். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டுடெயில் இந்த நாலும் முட்டை போடாமல் நேராகக் குஞ்சே போடும். சுமார் ஒரு மாசத்துக்கு ஒரு ஈத்து. அதனால் வளர்க்கச் சுலபம். அதோடு சாலையோரம் ஒரு சின்னக் கடையும் போட்டோம். எங்களிடம் இல்லாத மீனைக் கொளத்தூரிலிருந்து வாங்கி வந்து வைத்து விற்றோம்.

கடை போட்ட ரெண்டாவது மாசம் பக்கத்து ஊர்க் குழுவைச் சேர்ந்த ஒரு அக்கா வந்தாங்க. நாலாவது படிக்கிற பொண்ணையும் கூட்டி வந்தாங்க. ரெண்டு அடித் தொட்டி ஒண்ணு வாங்கினாங்க. அந்தப் பொண்ணு விரல் நீட்டின மீனை எல்லாம் நாங்கள் பையில் பிடித்துக் கொடுத்தோம். ஏஞ்சல் 2, டைகர் பார்ப் 5, தங்கமீன் 4, ஃபைட்டர் 1, கப்பி 6, நியான் டெட்ரா 4, கூடவே "தொட்டியைச் சுத்தம் பண்ணும்"னு சொல்லி ஒரு சக்கர். மீன் மட்டும் 850 ரூபாய். அன்னைக்கு எங்களுக்கு அதுதான் பெரிய வியாபாரம். சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

ஒன்பதாம் நாள் அந்த அக்கா திரும்பி வந்தாங்க. டைகர் பார்ப்பும் சக்கரும் மட்டும் உயிரோடு இருக்குதாம். அந்தப் பொண்ணு கையில் டிபன் பாக்ஸ். திறந்து காட்டினாள். உள்ளே செத்துப்போன ஏஞ்சல் ஒண்ணு. வாலும் துடுப்பும் நூல் நூலாகக் கிழிந்திருந்தது. "இதோட வாலை யாரு கடிச்சது?"ன்னு என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியலை. மீன் விக்கிறவள் நான், எனக்கே தெரியலை.

அன்னைக்கு ராத்திரி குழுக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். "வித்தா வித்ததுதான், அவங்க சரியாப் பார்த்துக்கலைன்னா நாம என்ன செய்ய முடியும்?"ன்னு சிலர். "அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தீங்களா?"ன்னு சிலர். அந்த வாரம் வங்கித் தவணை கட்டணும். 850 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் தவணையில் குறையும். கடைசியில் எங்கள் ஊக்குநர் அக்கா சொன்னாங்க: "அந்த அக்கா குழுவில் 15 பேர் இருக்காங்க. நாளைக்கு அந்தப் 15 பேரும் நம்ம கடைப் பக்கம் வரமாட்டாங்க. பணம் குறைஞ்சா நாம ஆளுக்கு 50, 100 போட்டுக்கலாம். பேர் போனா யார் போடுவாங்க?" பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கொடுத்துவிட்டு, "இனிமேல் தெரியாத மீனை விற்கக் கூடாது"ன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அப்புறம்தான் மீன்வளத் துறை நடத்திய பயிற்சிக்குப் போனோம். கொளத்தூரில் அனுபவம் உள்ளவங்க கிட்டயும் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டோம்.

அப்படிக் கத்துக்கிட்டதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

முதல் விஷயம், புதுத் தொட்டி. மீனைப் பார்க்கும் முன்னால் தொட்டியைப் பாருங்க. மீன் சாணமும் மிச்சத் தீவனமும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அது விஷம், மீனின் செவுளை எரிக்கும். நம்ம ஆறு, குளத்தில் இதைத் தின்று மாற்றுகிற நல்ல பாக்டீரியாக்கள் இருக்கு. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். கண்ணாடித் தொட்டியை நேற்று வாங்கி இன்று தண்ணீர் ஊற்றினால் இந்தப் பாக்டீரியா எங்கிருந்து வரும்? அது பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

வீட்டில் பால் உறை ஊற்றுவது மாதிரி நினைச்சுக்குங்க. வெறும் பாலை வைத்தால் நல்ல தயிர் வராது, ஒரு ஸ்பூன் பழைய மோர் வேணும். தொட்டிக்கும் அதே மாதிரி உறைமோர் உண்டு. நோயில்லாத பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சுதான் அது. அதில் ஒரு துண்டு வெட்டிப் புதுத் தொட்டி ஃபில்டரில் வைத்தால் பாக்டீரியா சீக்கிரம் பிடிக்கும். எங்கள் கடையில் தொட்டி வாங்குகிறவங்களுக்கு இந்தப் பஞ்சை இலவசமாகத் தருகிறோம். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவிடாதீங்க. ஊராட்சித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போடுறாங்க. அதில் இருக்கிற குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், மீன் செவுளையும் கெடுக்கும். தொட்டிக்குத் தண்ணீர் பிடித்தால் வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, முடிந்தால் ஏர் பம்பும் ஓடவிட்டு, அப்புறம் ஊற்றுங்க.

அந்தச் சின்னப் பொண்ணு தொட்டியில் முதல் நாளே 23 மீன் விட்டோமே, பாதிச் சாவுக்குக் காரணம் அதுதான். ஆக, புதுத் தொட்டியில் முதலில் கொஞ்சமாக, தாங்கக்கூடிய மீன் 3 அல்லது 4 விடணும். ரெண்டு வாரம் கழித்து இன்னும் 3. இப்படிப் படிப்படியாக.

இனி மீனுக்கு மீன் பொருத்தம். நாம கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். மீனுக்கு நாங்கள் ஆறு பார்க்கிறோம்.

ஒண்ணு, தண்ணீர்ப் பொருத்தம். பெண்ணைப் பார்க்கப் போனால் பிறந்த ஊர் கேட்போம் இல்லையா? மீனுக்கும் கேட்கணும். தங்கமீனுக்குப் பூர்வீகம் சீனா. ஏஞ்சலும் நியான் டெட்ராவும் தென்னமெரிக்காவில் அமேசான் பக்கம். ஃபைட்டர் தாய்லாந்து. மோலி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம். ஜீப்ரா மீன் நம்ம இந்திய மீனே. ஒவ்வொண்ணுக்கும் பழகின தண்ணீர் வேற வேற.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படின்னு கண்டுபிடிக்கக் கருவி இல்லாமலே ஒரு வழி இருக்கு. சோப்பு நுரை வரலையா? பருப்பு வேக நேரம் ஆகுதா? பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியுதா? அப்படின்னா அது கடினத் தண்ணீர். எங்கள் ஊர் போர் தண்ணீர் அப்படித்தான். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டுடெயிலுக்கு அது நல்லாவே ஒத்துக்கும். நியான் டெட்ராவுக்கு மென்மையான தண்ணீர் வேணும். அதுவும் புதுத் தொட்டியைத் தாங்காது. அந்தப் பொண்ணு தொட்டியில் முதலில் போனது அந்த நாலு நியான்தான். இன்னொண்ணு, கல் உப்பு போடும் பழக்கம் நம்மிடம் இருக்கு. மோலிக்குக் கொஞ்சம் உப்பு ஒத்துக்கும். டெட்ரா, கோரிடோராஸ் போன்றவை உப்புத் தண்ணீரைத் தாங்காது. எல்லாத் தொட்டிக்கும் ஒரு கை உப்பை அள்ளிப் போடாதீங்க.

ரெண்டு, சூட்டுப் பொருத்தம். கப்பி, டெட்ரா, ஏஞ்சல், ஃபைட்டர் எல்லாம் 24 முதல் 28 டிகிரி சூட்டில் சௌகரியமாக இருக்கும். தங்கமீன் குளிர்ச்சியை விரும்புகிற மீன். நம்ம ஊர் வெயிலில் அதையும் வளர்க்கிறோம், ஆனால் தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குறையும். மே மாசம் தங்கமீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீங்க. "பசிக்குது போல"ன்னு நாம தீவனம் போடுவோம். அது மூச்சுக்குத் திணறுது. தீவனம் போட்டால் தண்ணீர் இன்னும் கெடும். அதோடு தங்கமீன் சாணம் அதிகம் போடுகிற மீன். அதனால் அதைத் தனியாக, பெரிய தொட்டியில், ஏர் பம்பு நிற்காமல் ஓடுகிற இடத்தில் வைக்கணும்.

மூணு, வளர்த்திப் பொருத்தம். கடையில் இருக்கும்போது எல்லாம் ரெண்டு விரல் நீளம்தான். வீட்டுக்குப் போய் எவ்வளவு வளரும்னு கேட்கணும். கப்பி ரெண்டு அங்குலத்தோடு நின்றுவிடும். தங்கமீன் அரை அடி, சில வகை அதற்கு மேலும் வளரும். சக்கர் ஒரு அடியைத் தாண்டும். "ஷார்க்"னு சொல்லி வெள்ளி நிறத்தில் குட்டியாக விற்கிறாங்களே, அது உண்மையில் பங்கசியஸ். சாப்பாட்டுக்குக் குளத்தில் வளர்க்கிற கெளுத்தி வகை, கடையில் பாசான்னு துண்டு போட்டு விற்கிறாங்களே அந்த மீன். மூணு அடிக்கும் மேல் வளரக்கூடியது. அதை ரெண்டு அடித் தொட்டிக்கு விற்பது பாவம்னு நாங்கள் இப்போது வைப்பதே இல்லை. இந்தப் பொருத்தத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான்: வாயில் நுழைகிற மீன் வயிற்றில் போகும். ஏஞ்சல் சாதுவாகத் தெரியும். வளர்ந்தபின் நியான் டெட்ராவை விழுங்கும். காட்டிலும் அப்படித்தான் வாழ்கிறது, அது குற்றம் இல்லை.

நாலு, குணப் பொருத்தம். அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கு. ஏஞ்சலின் வாலைக் கடித்தது டைகர் பார்ப். நீளமாக ரிப்பன் மாதிரி எது ஆடினாலும் அது கொறிக்கும். ஏஞ்சல், ஃபைட்டர், நீள வால் கப்பி எதோடும் அதைச் சேர்க்கக் கூடாது. ஃபைட்டர் ஆண் ரெண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒண்ணு சாகும்வரை சண்டை போடும். பெரிய வண்ண வால் வைத்த ஆண் கப்பியைக்கூட இன்னொரு ஃபைட்டர்னு நினைத்துத் தாக்கும். ஃபைட்டர் வேணும்னா ஒண்ணை மட்டும் தனித் தொட்டியில் வையுங்க. அது மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும், அதனால் சின்னத் தொட்டியிலும் வாழும். அதற்காக டம்ளர் அளவு பாட்டிலில் அடைக்காதீங்க. 10, 15 லிட்டராவது தண்ணீர் வேணும்.

ஐந்து, கூட்டப் பொருத்தம். சில மீனுக்குச் சொந்தக்காரங்க கூட இருக்கணும். டெட்ரா, ஜீப்ரா, கோரிடோராஸ் எல்லாம் குறைந்தது 6 இருந்தால்தான் பயமில்லாமல் திரியும். ஒண்ணு ரெண்டு விட்டால் மூலையில் ஒடுங்கி, சாப்பிடாமல் நோய் பிடிக்கும். டைகர் பார்ப்பும் 8, 10 இருந்தால் தங்களுக்குள்ளே துரத்திக்கொள்ளும். குறைவாக இருந்தால் மற்ற மீனைத் துன்புறுத்தும். "வகைக்கு ஒண்ணு குடுங்க"ன்னு கேட்கிறவங்க நிறைய. ஏழு வகையில் ஒவ்வொண்ணு விட ஒரு வகையில் ஏழு விடுங்க, தொட்டியும் அழகாக இருக்கும். கப்பி, மோலி, பிளாட்டியில் இன்னொரு கணக்கு உண்டு. ஆண் மீன் பெண்ணை ஓயாமல் விரட்டும். ஒரு ஆணுக்கு ரெண்டு, மூணு பெண் இருந்தால் ஒரே பெண் மீன் ஓடி ஓடி இளைத்துச் சாகாது. (இங்கே சகோதரிகள் சிரித்தார்கள்.) சிரிக்கிறீங்க, ஆனா உண்மை. குஞ்சே வேண்டாம்னா ஆண் கப்பியாக மட்டும் வாங்கிக்குங்க, பிரச்சினை இல்லை.

ஆறு, இடப் பொருத்தம். ஒரு தொட்டியில் மூணு மாடி இருக்கு. கப்பியும் ஜீப்ராவும் மேல் மாடி. டெட்ரா, பிளாட்டி நடு மாடி. கோரிடோராஸ் தரைத் தளம். எல்லாரையும் ஒரே மாடியில் குடிவைத்தால் நெரிசல். மாடிக்கு மாடி ஆள் வைத்தால் சண்டையும் குறையும், தொட்டியும் நிறைந்து தெரியும். தரைத் தள மீன் கீழே விழும் மிச்சத்தைப் பொறுக்கும். ஆனா அதை நம்பிப் பட்டினி போடாதீங்க, அடியில் மூழ்குகிற தீவனம் அதற்குன்னு போடணும்.

சக்கர் விஷயத்தில் நாங்களே பொய் சொல்லி விற்றிருக்கோம். "மீன் சாணத்தைத் தின்னு சுத்தம் பண்ணும்"னு சொன்னோம். அது சாணத்தைத் தின்னாது. பாசியைத் தின்னும், பெரிதானதும் அதுவே நிறையச் சாணம் போடும். ஒரு அடி வளர்ந்ததும் மக்கள் என்ன செய்கிறாங்க? "பாவம், கொல்ல மனசு வரலை"ன்னு ஏரியில் விடுகிறாங்க. அப்படி விட்டு விட்டுத்தான் இன்று தமிழ்நாட்டு ஏரி, குளங்களில் அந்த மீன் பெருகிக் கிடக்கு. வலை போடுகிற நம்ம மீனவக் குடும்பங்களைக் கேளுங்க. அதன் முள் வலையைக் கிழிக்கும், விலைக்கும் போகாது, கரையில் வளை தோண்டும், நம்ம நாட்டு மீனுக்கு இடம் இல்லாமல் செய்யும். எனவே எந்தக் கலர் மீனையும் ஏரி, குளம், வாய்க்காலில் விடாதீங்க. வளர்க்க முடியலையா, கடையில் திருப்பிக் கொடுங்க. எங்கள் கடையில் காசில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.

சரி, ரெண்டு அடித் தொட்டி புதுசாக வைக்கிறவங்களுக்கு என்ன மீன்? ரெண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம்னா கல்லும் மணலும் போக 45, 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதற்கு நாங்கள் சொல்கிற ஜோடிகள் இவை.

கடினத் தண்ணீர் வீடா? ஆண் கப்பி 6, பிளாட்டி 4 (ஒரு ஆண், மூணு பெண்). முதன்முதலில் வளர்க்கிறவங்களுக்கு இதுதான் நல்லது. மோலி வேணும்னா மூணு அடித் தொட்டிக்குப் போங்க, அது இன்னும் பெரிதாகும்.

சுறுசுறுப்பாக ஓடணுமா? ஜீப்ரா 6, அடியில் கோரிடோராஸ் 6. ஜீப்ரா புதுத் தொட்டியைத் தாங்கும், அதை முதலில் விடுங்க. துள்ளும், மூடி மறக்காதீங்க.

தண்ணீர் மென்மையாக இருந்து, தொட்டியும் ரெண்டு மாசம் பழகிவிட்டதா? நியான் டெட்ரா 8, கோரிடோராஸ் 6.

ஏஞ்சல்தான் ஆசைன்னா ஒன்றரை அடி உயரமாவது உள்ள மூணு அடித் தொட்டி வாங்குங்க. தங்கமீன் வேணும்னாலும் மூணு அடித் தொட்டியில் ரெண்டு, மூணு போதும், கூட வேறு ஜாதி வேண்டாம். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் தங்கமீன் விடுவது சினிமாவில் பார்க்க நல்லா இருக்கும், மீனுக்கு நல்லா இருக்காது.

வாங்கிப்போகும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிடறேன். கடைத் தொட்டியில் ஒரு மீன் செத்து மிதந்தாலோ, வெள்ளைப் புள்ளி இருந்தாலோ, துடுப்பைச் சுருக்கிக்கொண்டு இருந்தாலோ அந்தத் தொட்டியிலிருந்து எதுவும் வாங்காதீங்க. வீட்டுக்கு வந்ததும் பையை மூடியபடியே தொட்டித் தண்ணீரில் 15, 20 நிமிஷம் மிதக்க விடுங்க. பிறகு பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேருங்க. அப்புறம் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்க, பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீங்க. ஏற்கெனவே மீன் இருக்கிற தொட்டின்னா, புது மீனை ரெண்டு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. தீவனம் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ரெண்டு நிமிஷத்தில் தின்று தீரும் அளவு. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்க. முழுத் தண்ணீரையும் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் உறை ஊற்றின தயிரைக் கொட்டின கதைதான்.

இப்போது எங்கள் கடையில் ஒரு நோட்டு இருக்கு. மீன் கேட்டு யார் வந்தாலும் நாலு கேள்வி கேட்டு எழுதுவோம். தொட்டி எத்தனை அடி? தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் ஆச்சு? போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? ஏற்கெனவே என்ன மீன் இருக்கு? பதில் பொருந்தலைன்னா, "இந்த மீன் உங்களுக்கு வேண்டாம்"னு சொல்லிவிடுவோம். முதல் ஆறு மாசம் வியாபாரம் குறைந்தது. "விக்க வந்தவளா, தடுக்க வந்தவளா?"ன்னு ஒருத்தர் கோபமாகக் கேட்டுவிட்டுப் போனார். எங்கள் குழுவிலேயே ரெண்டு பேர் விலகிடலாமான்னு யோசிச்சாங்க. தவணை கட்ட நாங்கள் உள்கடன் எடுத்த மாசமும் உண்டு. அதையும் மறைக்கலை.

ஆனா "மீன் வேண்டாம்"னு சொல்லித் திருப்பி அனுப்பினவங்கதான் ரெண்டு வாரம் கழித்துத் தொட்டி பழகிடுச்சுன்னு வந்து வாங்கினாங்க. மீன் சாகலைன்னதும் தீவனத்துக்கு வந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூட்டி வந்தாங்க. செத்த மீனை வைத்திருப்பவர் திரும்ப வரமாட்டார், உயிரோடு மீன் வைத்திருப்பவர் மாசா மாசம் வருவார். வங்கிக் கடனை முடித்துவிட்டோம். பெரிய பணக்காரங்க ஆகலை, 12 பேருக்கும் வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கிற அளவு வருது. விலக நினைச்ச ரெண்டு பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் குழுக்களுக்கு ஒரு சொல். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பும் உண்டு, பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் வைத்தாங்க. இப்போதைய நிலவரத்தை உங்கள் பக்கத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்க. மானியம் வருதுன்னு அவசரப்பட்டு இறங்காதீங்க. முதலில் உங்கள் வீட்டில் ஒரு தொட்டி வைத்து, ஆறு மாசம் மீன் சாகாமல் வளர்த்துப் பாருங்க. அதுதான் பயிற்சி.

கடைசியாக, அந்தச் சின்னப் பொண்ணு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோமே, அந்த அக்கா பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாங்க, ஒரு வருஷம் எங்கள் பக்கம் வரலை. அப்புறம் ஒரு நாள் அந்தப் பொண்ணே பள்ளி விட்டு நடந்து வந்தாள். "என் தொட்டி சும்மா கிடக்கு. சண்டை போடாத மீன் இருக்கா?"ன்னு கேட்டாள். நான் அவள் டிபன் பாக்ஸில் காட்டின ஏஞ்சலை மறக்கலை. "உன் ஏஞ்சல் வாலைக் கடிச்சது டைகர் பார்ப், தப்பு எங்களோடது"ன்னு சொன்னேன். ஒரு வருஷம் கழித்துச் சொன்ன பதில். அவள் "அப்பவே நினைச்சேன்"னாள்.

ஒரு துண்டுப் பஞ்சும் நாலு கப்பியும் கொடுத்தேன், காசு வாங்கலை. இப்போது எட்டாவது படிக்கிறாள். அவள் தொட்டியில் கப்பிக் குஞ்சு பெருகிப்போய், தாய் மீன் தின்றுவிடாமல் தனியாகப் பிரித்து வளர்த்து, எங்கள் கடைக்கே கொண்டு வந்து கொடுத்துத் தீவனம் வாங்கிப் போகிறாள். கொண்டு வருவது அதே டிபன் பாக்ஸில்தான். அவள் அம்மா குழுவிலிருந்து இதுவரை 9 பேர் எங்களிடம் தொட்டி வாங்கியிருக்காங்க.

வாசலில் எங்கள் குழு மேசை போட்டிருக்கு. வந்து பாருங்க. கேள்வி கேட்டால் பதில் சொல்கிறோம், இன்னைக்கே மீன் வேணும்னு கேட்டால், உங்கள் தொட்டியில் தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் ஆச்சுன்னு நாங்கள் கேட்போம். கோவிச்சுக்காதீங்க.